மூளை பழகிய பதற்றம்: உடலைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரப்பாக்கத்தில் காலை மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும்போது நெஞ்சு படபடப்பது இயல்பு. ஞாயிறு மாலை வீட்டில் உட்கார்ந்து மறுநாளை நினைத்தாலே வயிறு பிசைகிறது, கழுத்து இறுகுகிறது என்றால், மூளை அந்தப் பதற்றத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. அதை மாற்றிப் பழக்கவும் வழி இருக்கிறது.

படி 1: உடலில் நடப்பதை அறியுங்கள்

மூளையின் அமிக்டலா ஆபத்தை உணர்ந்ததும், ஹைப்போதலாமஸ் வழியே அட்ரினல் சுரப்பிகளுக்குச் சேதி போகிறது. அட்ரினலின் இதயத்தை விரட்டுகிறது. கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. இது நாள்தோறும் தணியாமல் நீடித்தால் ரத்த அழுத்தம், தூக்கம், செரிமானம், நோய் எதிர்ப்பு எல்லாம் பாதிக்கப்படும். அமெரிக்காவில் பல் மருத்துவ மாணவர்களிடம் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், வாயில் ஏற்படுத்திய சிறு காயம் ஆற, விடுமுறையைவிடத் தேர்வு நேரத்தில் 40 சதவீதம் கூடுதல் காலம் பிடித்தது.

படி 2: ஓய்வை மட்டும் நம்பாதீர்கள்

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் வைத்தது. நினைவுக்கான ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்கான அமிக்டலாவில் வளர்ந்தன. 21 நாள் ஓய்வில் ஹிப்போகாம்பஸ் மீண்டது, அமிக்டலா மீளவில்லை. எலிக்கு நடந்தது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் லீவு எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது என்பதை இது உணர்த்துகிறது.

படி 3: குறித்து வையுங்கள்

ஒரு வாரம், பதற்றம் வந்த நேரம், இடம், உடலில் தெரிந்த அறிகுறி மூன்றையும் எழுதுங்கள். மேலாளரின் போன் அழைப்பா, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலா, மாதிரித் தேர்வு மதிப்பெண்ணா என்பது பிடிபடும்.

படி 4: புதுப் பழக்கம் கொடுங்கள்

4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். தினமும் 5 நிமிடம் வீட்டில் பழகுங்கள். பிறகு பதற்றம் வரும் அதே இடத்தில் செய்யுங்கள்.

படி 5: நடையும் உறக்கமும்

வாரம் 150 நிமிடம் வேக நடை, இரவில் 7 மணி நேரத் தூக்கம். படித்தது மனதில் நன்கு பதியத் தூக்கம் உதவுகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் கண்விழிப்பதைத் தவிருங்கள்.

படி 6: உதவி கேளுங்கள்

நெஞ்சுவலியை ‘டென்ஷன்’ என்று ஒதுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மனச்சோர்வோ தூக்கமின்மையோ இரண்டு வாரம் நீடித்தால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தயங்காமல் பேசுங்கள்.