குடியை விட ஒரு குளிசை: தெரியாமல் கலந்து கொடுக்கலாமா?



சுகாதார வகுப்பு முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பிய பிறகு, ஓரமாக நின்று சில தாய்மார் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “குடிய விடுறதுக்கு ஒரு குளிசை இருக்காமே, வீட்டுக்காரருக்குத் தெரியாம தேத்தண்ணியில கலந்து குடுக்கலாமா?” டிக்கோயாவில் மட்டுமல்ல, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. சம்பளக் காசு தவறணையிலும் கசிப்புக்காரனிடமும் போய்விட, பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குக் காசில்லாமல் நிற்கும் தாய் கேட்கும் கேள்வி அது. அதைத் தப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர முடியாது. ஆகவே இம்முறை பாடம் அந்தக் குளிசையைப் பற்றியதே.

குளிசை இருப்பது உண்மைதான். அதன் பெயர் டைசல்பிரம். அன்டபியூஸ் என்ற வியாபாரப் பெயரில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். டொக்டர் பரிசோதித்து, துண்டு எழுதிக் கொடுத்த பிறகே எடுக்க வேண்டிய மருந்து இது.

ரப்பர் வேலையில் தெரிய வந்தது

டைசல்பிரம் முதலில் ரப்பர் பதனிடும் தொழிலில் உபயோகித்த ஓர் இரசாயனம். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு இரசாயனத்தோடு வேலை செய்யும் ரப்பர்த் தொழிலாளர்கள், கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து சுகவீனப்படுகிறார்கள் என்று அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை வைத்தியர் 1937ஆம் ஆண்டு எழுதினார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சுமார் பத்து வருடங்களுக்குப் பிறகு டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், டைசல்பிரம் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகுமா என்று பார்க்கத் தாங்களே அதை விழுங்கினார்கள். அதன் பின் மதுபானம் எடுத்தபோது இருவருக்கும் ஒரே மாதிரி உடம்புக்கு முடியாமல் போனது. 1948ஆம் ஆண்டு அதைக் குடிநோய்க்கு மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார்கள். தொழிலாளியின் உடம்பில் முதலில் தெரிந்த விஷயத்தை ஆராய்ச்சிசாலை பிறகுதான் கண்டது என்பதை நாம் இங்கே கவனிக்கலாம்.

இது வேலை செய்யும் விதம் இலகுவானது. நாம் குடிக்கும் சாராயத்தை ஈரல் இரண்டு படியாக மாற்றுகிறது. முதற்படியில் அது அசிட்டல்டிஹைட் என்ற விஷப் பொருளாகிறது. இரண்டாவது படியில் அந்த விஷம் தீங்கில்லாத பொருளாகி உடம்பை விட்டுப் போகிறது. டைசல்பிரம் இந்த இரண்டாவது படியை அடைத்துவிடும். கொழுந்துத் தொழிற்சாலையில் ரோலர் ஓடிக்கொண்டிருக்க, உலர்த்தும் அடுப்பு மட்டும் நின்றுபோனால் என்ன நடக்கும்? அரைத்த கொழுந்து குவிந்துகொண்டே போகும். அதைப்போல உடம்பில் விஷம் குவிகிறது. குடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் முகம் சிவந்து கொதிக்கும், தலை தெறிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் இறங்கும். இதய வருத்தம் உள்ளவருக்கு, அல்லது நிறையக் குடித்தவருக்கு, உயிரே போகலாம்.

இதில் ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் குளிசை குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. “காலையில குளிசை எடுத்திருக்கேன், இன்னைக்குக் குடிச்சா செத்தேன்” என்ற நினைப்புதான் குடிப்பவரைத் தடுக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் இதுவே தெரிந்தது. உண்மையான மருந்தா வெறும் குளிசையா என்று தெரியாமல் எடுத்தவர்களிடம் இதற்குத் தனிப் பலன் காணப்படவில்லை. தெரிந்தே எடுத்தவர்களிடம் பலன் இருந்தது. அப்படியானால் ஒளித்துக் கொடுக்கும் மருந்து யாரைத் தடுக்கும்?

ஒளித்துக் கொடுத்தால்

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மனைவி காலைத் தேத்தண்ணியில் குளிசையைப் பொடித்துப் போடுகிறார். கணவருக்கு ஒன்றும் தெரியாது. மாலையில் வழக்கம்போலக் கூட்டாளிகளோடு குடிக்கிறார். அரை மணியில் றோட்டோரம் விழுகிறார். “கசிப்பு சரியில்ல” என்று சொல்லி, எலுமிச்சம்புளி கரைத்துக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். நிலைமை மோசமாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், டொக்டர் என்ன எடுத்தார் என்று கேட்கிறார். கூட்டாளிகளுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரோ பயத்தில் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்து மௌனம் உயிரை வாங்கும். பிழைத்துக்கொண்டாலும், அவர் அடுத்த நாள் வேறு கடையில் வாங்கிக் குடிப்பார், அவ்வளவுதான். காரணம் தெரியாதவருக்குப் பயமும் வராது. என்றாவது உண்மை தெரிந்துவிட்டால், மனைவி கையால் வாங்கும் சோற்றையும் நம்ப மாட்டார். அடியும் விழும்.

மேலும் டைசல்பிரம் எல்லோருக்கும் ஒத்துவராது. இதய நோய், ஈரல் பழுது, மஞ்சள் காமாலை, வலிப்பு, கடும் மனநோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. அதனால்தான் டொக்டர் முதலில் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார். பத்திரிகைகளில் “குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்” என்று விளம்பரம் வரும் பொடிகளைப் பற்றியும் இதையே சொல்வோம். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுதாத பொடிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

எடுத்த எடுப்பில் நிறுத்துவதும் ஆபத்து

வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணித்தியாலத்தில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள். நம் லயங்களில் இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி, கோடாங்கியிடம் போய் இரண்டு நாளை வீணாக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பூசை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஆனால் முதலில் ஆஸ்பத்திரி. சிகிச்சை செய்யாவிட்டால் இந்த நிலையில் இறந்துபோகிறவர்களும் உண்டு.

ஆஸ்பத்திரியில் இதற்கு டயசிபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். இவற்றை வீட்டில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே இன்னொரு பழக்கமாகிவிடும். கூடவே தயமின் என்ற விட்டமின் பி1 ஊசி போடுவார்கள். ஊசி சும்மா சத்துக்குத்தானே என்று தட்டிக் கழிக்க வேண்டாம். சோற்றைக் குறைத்துக் குடியைக் கூட்டியவர்களின் உடம்பில் இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் மூளை பாதித்து, நடை தள்ளாடி, ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடலாம்.

இதைக் கடந்து, கடைசியாகக் குடித்து குறைந்தது ஒரு முழு நாளாவது ஆன பிறகுதான் டைசல்பிரம் தொடங்க முடியும். உள்ளே சாராயம் இருக்கும்போது கொடுத்தால் மேலே சொன்ன வருத்தம் உடனே வரும்.

கண் முன்னால் எடுத்தால் பலன்

மும்பையில் 100 ஆண்களை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வு ஒன்று 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. பாதிப் பேருக்கு டைசல்பிரம், பாதிப் பேருக்கு நல்ட்ரெக்சோன் என்ற வேறொரு மருந்து. குளிசை ஒழுங்காக எடுக்கிறாரா என்று பார்க்க ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஓர் ஆள். வருட முடிவில் டைசல்பிரம் எடுத்தவர்களில் 100க்கு 86 பேர் மீண்டும் குடியில் விழவில்லை. மற்றப் பக்கம் 44 பேர். ஆனால் குடிக்கும் ஆசை குறைந்தது நல்ட்ரெக்சோன் எடுத்தவர்களுக்கே. வீட்டு ஆள் பக்கத்தில் இருந்ததைத்தான் நாங்கள் பெரிதாக எண்ணுகிறோம். அதே மனைவி, அதே குளிசை. ஒளித்துக் கொடுத்தால் விஷம், கண் முன்னால் கொடுத்தால் மருந்து.

பெரட்டுக்குப் போகுமுன் ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து, இருவரும் பார்த்திருக்கக் குடித்துவிடலாம். தூக்கம் வருகிறது என்றால் டொக்டரிடம் கேட்டு இரவுக்கு மாற்ற வேண்டும். கவ்வாத்துக் கத்தியோடும் மெஷினோடும் வேலை செய்பவர்கள் இதில் கவனமாக இருங்கள். தவறணையைத் தாண்டும்போதெல்லாம் மனதோடு சண்டை போடுவதைவிட, காலையில் ஒரு தரம் தீர்மானித்துவிடுவது பலருக்கு இலேசாக இருக்கிறது. சம்பள நாளுக்கு முதல்நாள் நிறுத்திவிட்டுக் குடிக்கலாம் என்று கணக்குப் போடவும் முடியாது. கடைசிக் குளிசைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வேலை உடம்பில் இருக்கும்.

சாராயம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அரிஷ்டம் என்று நாம் வாங்கும் ஆயுர்வேத மருந்துகளில் புளித்து உண்டான மதுசாரம் இருக்கிறது. சில இருமல் பாணிகளிலும் உண்டு. வயிற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் குளிசையும் இதோடு சேராது. ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும் டைசல்பிரம் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கண் மஞ்சளானால் குளிசையை நிறுத்திவிட்டு உடனே டொக்டரைக் காண வேண்டும். குளிசையோடு குடித்து விழுந்துவிட்டால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

டைசல்பிரம் ஒத்துவராதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. நல்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் சுகத்தைக் குறைக்கும். ஆனால் மோர்பின், டிரமடோல் போன்ற வலி மருந்து எடுப்பவருக்குக் கொடுக்க முடியாது. அகம்ப்ரோசேட் ஈரல் பழுதுள்ளவர்களுக்குப் பொருந்தும், சிறுநீரகம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். நாளுக்கு ஆறு குளிசை என்பது கொஞ்சம் கஷ்டம்தான். இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எங்கே போவது? முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் பேசுங்கள். டிக்கோயா பகுதியினருக்குக் கிளங்கன் ஆதார வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் கொண்ட அதன் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. வெளிநோயாளர் பிரிவில் “குடிய விட மருந்து எடுக்க வந்திருக்கோம்” என்று வெட்கப்படாமல் சொல்லலாம். எந்தக் கிளினிக்குக்கு, எந்த நாளில் வர வேண்டும் என்று சொல்வார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். நாளுக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்பவற்றை டொக்டர் கட்டாயம் கேட்பார். மனைவியோ வளர்ந்த பிள்ளையோ கூடப் போனால், குளிசையை எந்த நேரம் யார் கையால் எடுப்பது என்பதையும் டொக்டரின் முன்னாலேயே பேசித் தீர்த்துக்கொண்டு வரலாம்.