தேனீ கொட்டினால்: அடுப்பங்கரை மருந்தும் அதன் எல்லையும்

அல்லாஹுத் தஆலா தன் அருள்மறையில் ஒரு சூராவுக்கே தேனீயின் பெயர் அமையச் செய்திருக்கிறான். 16-ஆம் அத்தியாயமான ஸூரத்துந் நஹ்ல்தான் அது. மலைகளிலும், மரங்களிலும், மனிதர் எழுப்பும் இடங்களிலும் கூடு அமைக்கும்படி தேனீக்கு அறிவிக்கப்பட்டதையும், அதன் வயிற்றிலிருந்து வரும் பானத்தில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதையும் அதன் 68, 69-ஆம் வசனங்களில் ஓதுகிறோம்.

மலை இல்லாத நம் தஞ்சைச் சீமையில் தேனீக்கு மரமும் கட்டடமும்தான் வீடு. வரப்புப் பனை, கொல்லைப் புளியமரம், தண்ணீர்த் தொட்டி, பள்ளிவாசல் மினாரா என்று எங்கும் அது கூடு கட்டுகிறது. சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் எள்ளும் பூக்கும் நாட்களில் வயலெல்லாம் அதன் ரீங்காரம். பனையிலும் தென்னையிலும் பானை போலக் கூடு கட்டும் கதண்டும் இதே ஊர்களில்தான் வாழ்கிறது. ஆகவே கொட்டு வாங்காத குடும்பம் நம்மில் இராது.

கொட்டினால் என்ன செய்வது என்று இம்மாதம் எழுத முனைந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், பனை மட்டை வெட்டப் போன ஒருவரைக் கதண்டு கொட்டியது. இரண்டே கொட்டு. திண்ணையில் வந்து அமர்ந்தார். ஒருவர் சுண்ணாம்பு தடவினார். மற்றொருவர் மண்ணெண்ணெய் கொண்டு வந்தார். “போன வருஷமும்தான் கொட்டுச்சு, ஒண்ணும் ஆகல” என்று அவரே சிரித்தார். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்தது, குரல் கம்மியது. தண்ணீர் ஓதி வாங்கி வர ஆள் போயிற்று. வண்டிக்கு யாரும் போகவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் வண்டி வந்தது. போகும் வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அங்கே நின்றவர்களில் நாமும் ஒருவர். சுண்ணாம்பு எடுத்து வரச் சொன்னதும் நாம்தான். அவருக்கு அஜல் அவ்வளவுதான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நம்மீது கடமையான முயற்சியை நாம் செய்தோமா என்ற கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் பதில் இல்லை.

முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியது

கொட்டியது எது என்று முதலில் பாருங்கள். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. அது நம் தோலில் சிக்கி, விஷப் பையோடு அறுந்து நின்றுவிடும். தேனீ பறந்துபோன பிறகும் அந்தப் பை தானாகவே துடித்து விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். கதண்டும் குளவியும் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஒன்றே பல முறை கொட்டும்.

கொடுக்கு நின்றால் உடனே எடுத்துவிடுங்கள். கிள்ளி எடுத்தால் விஷம் உள்ளே பிதுங்கும், கத்தி முனையால் வழிக்கத்தான் வேண்டும் என்று பலர் சொல்வதுண்டு. இதை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து, 1996-இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் முடிவை வெளியிட்டார்கள். எப்படி எடுத்தாலும் வேறுபாடு இல்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்பதுதான் அது. ஆகவே கத்தி தேடி ஓடாதீர்கள், நகத்தாலேயே எடுத்துவிடுங்கள்.

கூட்டின் அருகே நின்று இதைச் செய்யக் கூடாது. கொட்டிய கொடுக்கிலிருந்து வாழைப்பழ மணம் போன்ற ஒரு வாடை எழும். அது மற்றத் தேனீக்களை அழைக்கும் குரல். முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி, வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். பிள்ளைகள் குளத்திலோ வாய்க்காலிலோ குதிப்பார்கள். அது பயன் தராது. தலை வெளியே வரும்வரை கூட்டம் மேலேயே சுற்றும்.

பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

அடுப்பங்கரையில் இருப்பவை

குளிர்ந்த நீர்: வீட்டு மருந்துகளில் முதலிடம் இதற்கே. மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பத்து நிமிடம் வையுங்கள்; எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஐஸ் கட்டி இருந்தால் துணியில் சுற்றி வைக்கலாம். வலியும் வீக்கமும் குறையும்.

வெங்காயம், மஞ்சள், உப்பு நீர்: நம் நன்னிமார் கைவைத்தியம் இவை. சிலருக்கு இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. ஆனால் விஷத்தை முறிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

சோடா உப்பு, புளி, வினிகர்: தேனீ விஷம் அமிலம், அதை இது முறிக்கும், குளவி விஷம் காரம், அதை அது முறிக்கும் என்பார்கள். விஷம் தோலுக்கு அடியில் இறங்கிவிடுகிறது. மேலே பூசுவது அங்கே எட்டுவதில்லை. தேனீ விஷத்தில் வேலை செய்வதும் வெறும் அமிலமல்ல. மெலிட்டின் முதலான புரதப் பொருள்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு: எல்லா வீட்டிலும் கைக்கெட்டும் பொருள் என்பதால் முதலில் இதைத்தான் எடுக்கிறோம். சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும் காரம். குழந்தையின் மெல்லிய தோலிலும், கண்ணுக்கு அருகிலும் ஒருபோதும் தடவாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மண்ணெண்ணெய், சாணம், சேறு: இவை வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சாணமும் சேறும் கொட்டு வாயில் கிருமியைச் சேர்க்கும்.

சாதாரணக் கொட்டு ஓரிரு நாளில் வற்றிவிடும். அரிப்பு மிகுந்தால் மருத்துவரைக் கேட்டு அலர்ஜி மாத்திரை கொடுக்கலாம்.

எல்லை எங்கே?

தாய்மார்கள் இப்பகுதியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டுகிறோம். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் அது வீட்டு வைத்தியத்துக்கு உட்பட்டது. கொட்டாத இடத்தில் மாற்றம் கண்டால் வீட்டு வைத்தியம் அங்கே முடிந்துவிட்டது. உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108-க்குச் சொல்லுங்கள். வண்டி தாமதமானால் கிடைத்த வண்டியில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மயக்கம் வந்தவரைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், எழுப்பி நடத்தாதீர்கள். மூச்சு முட்டுபவரைச் சாய்ந்து உட்கார விடுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

அங்கே தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. நம் அடுப்பங்கரையில் அதற்கு ஈடான பொருள் எதுவும் இல்லை.

“போன தடவை ஒன்றும் ஆகவில்லையே” என்பதை நம்பாதீர்கள். 1902-இல் ஷார்ல் ரிஷே, போர்த்தியே என்ற ஃபிரெஞ்சு விஞ்ஞானிகள், முதல் முறை விஷத்தைத் தாங்கிய உடல் அடுத்த முறை மிகச் சிறிதளவுக்கே சாய்ந்துவிடுவதைக் கண்டறிந்தார்கள். அதற்காக 1913-இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணாற்றங்கரையில் நம் கண்முன் நடந்ததும் அதுவே என்று பின்னாளில்தான் அறிந்தோம்.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், குழந்தையைப் பல இடங்களில் கொட்டியிருந்தால், பெரியவருக்கும் பத்துப் பதினைந்து கொட்டுக்கு மேல் பட்டிருந்தால், மேற்சொன்ன அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூட்டமாகக் கொட்டியவர்களுக்குச் சிறுநீரகம் பின்னால் பாதிக்கப்படலாம். சிறுநீர் கறுத்தாலோ குறைந்தாலோ உடனே காட்டுங்கள். நோன்பு திறக்கும் வேளையில் சர்பத்துக் குவளையை மூடி வையுங்கள். இனிப்பைத் தேடித் தேனீ அதில் விழும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நோன்பு: கொட்டு வாங்குவதால் நோன்பு முறியாது. சதையில் போடும் ஊசியாலும் முறியாது என்பது உலமாக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. மாத்திரை விழுங்கினால் முறியும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விட்டு மருந்து எடுப்பதே கடமை. பின்னர் களாச் செய்துகொள்ளலாம்.

ஒளு: நம் பகுதியில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். கொட்டு வாயில் கசியும் இரத்தத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறியாது. ஹனஃபீ மத்ஹபில் இரத்தம் வழிந்தோடினால் முறியும். மஞ்சளோ வேறு பூச்சோ அடையாகக் காய்ந்திருந்தால், தண்ணீர் தோலில் படும்படி அகற்றிவிட்டு ஒளுச் செய்ய வேண்டும்.

தொழுகை: கதண்டுக் கூட்டம் பாய்ந்து வந்தால் தொழுகையை விட்டு விலகலாம், மீண்டும் தொழுதுகொள்ளலாம்.

கூடு: எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, ஸுரத் என்னும் பறவை ஆகிய நான்கையும் கொல்ல வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. நெருப்பால் வேதனை செய்வதும் தடுக்கப்பட்டதே. தீங்கு தரும் கதண்டுக் கூட்டை அகற்றத் தடையில்லை. ஆனால் பந்தம் கொளுத்திக்கொண்டு நாமே போக வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொன்னால் வருவார்கள். பள்ளிவாசலிலும் கபரஸ்தானிலும் கூடு இருந்தால் முத்தவல்லிமார்கள் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். தேனீயாயின், தேன் எடுக்கத் தெரிந்தவரைக் கொண்டு கொல்லாமல் கலைத்துவிடலாம்.

ஓதிப் பார்த்தல்: இதை நாம் மறுக்கவில்லை. விஷக்கடி பட்ட ஒரு கூட்டத்தின் தலைவருக்கு ஸஹாபாக்கள் அல்ஹம்து சூரா ஓதியது புகாரீயில் வந்துள்ளது. தேள் கொட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் உப்பும் தண்ணீரும் கொண்டுவரச் செய்து, கொட்டிய இடத்தில் ஊற்றித் தடவியபடியே ஓதியதாக அலீ (ரலி) அவர்கள் வாயிலாகப் பைஹகீயில் வந்துள்ளது. கவனியுங்கள்: நாவு ஓதியது, கை மருந்திட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்றுக்காக மற்றது காத்திருக்கவில்லை.

நாமும் அப்படியே செய்வோம். ஒருவர் கொடுக்கை எடுக்கட்டும். ஒருவர் தண்ணீர்த் துணி வைக்கட்டும். எல்லை கடந்தால் ஒருவர் வண்டிக்கு ஓடட்டும். ஓதுகிறவர் வண்டியில் ஏறி, நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து ஓதிக்கொண்டே வரட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம்.

இன்று மாலையே வீட்டாரை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். வல்ல நாயன் நம் பிள்ளைகளையும் வயலில் உழைப்போரையும் திடீர் ஆபத்துகளிலிருந்து காப்பானாக! ஆமீன்.