தீக்குச்சியும் வால்வு டியூபும்

விஞ்ஞானப் பாடத்தில் ஆசிரியர் சோதனையைச் செய்து காட்ட, மாணாக்கர் பார்த்திருப்பதே பல பள்ளிகளின் வழக்கம். மாணாக்கரே செய்து அறியும் முறையொன்று 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப் பள்ளிகளில் தொடங்கி, 2002 வரை நடைபெற்றது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் அதற்குத் துணைநின்றனர். 1978-இல் அதிற் சேர்ந்த பொறியியலாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டே கணித உருவங்களை அமைத்துக் காட்டினார்.

இடநெருக்கடி மிக்க தாராவித் தமிழ் வகுப்புகளுக்கு இம்முறை பெரிதும் ஏற்றது. டியூப் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். அதனை ஒன்றரை சென்டிமீட்டர்த் துண்டுகளாக நறுக்குக. மருந்து நீக்கிய குச்சிகளைத் துண்டின் இரு முனைகளிலும் செருகினால் மூட்டு அமையும். (மருந்தைச் சுரண்டும் வேலையை ஆசிரியரே செய்தல் வேண்டும்.)

மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் அழுத்தினாலும் உருமாறாது. நான்கால் ஆன சதுரம் சாய்ந்துவிடும். காரணத்தை ஆசிரியர் உடனே கூறிவிட்டால் சோதனை வீணே. சதுரத்தை நிறுத்தும் வழியை மாணாக்கரே தேடட்டும். டியூபின் நடுவே முள்ளால் துளையிட்டு, குறுக்கே அதே நீளக் குச்சியைச் செருகுவோர் பலர். அப்போது உருவம் அசையாது, ஆனால் சதுரமாகவும் இராது. இரு சமபக்க முக்கோணங்களாய்ச் சாய்ந்து நிற்கும். சதுரமாகவே நிற்க மூலைவிட்டம் பக்கத்தைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு வேண்டும். ஊதுபத்திக் குச்சியை வெட்டி வெட்டிப் பொருத்தி இந்த அளவை அவர்களே கண்டடைவர். இதற்கு ஒரு பாடவேளை முழுதும் செல்லக்கூடும். பாடத்திட்டம் பின்தங்குமேயென்று அஞ்சி இடையில் நிறுத்தலாகாது.

மறுநாள், ரயில் நிலையக் கூரைச் சட்டங்களிலும் மின்கம்பிக் கோபுரங்களிலும் முக்கோணங்களைக் கண்டு வரைந்துவரச் சொல்லலாம்.