காவல் அணுக்கள் வெட்டும் கால்வாய்

பழவூர் அணையிலிருந்து பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணையிலிருந்து திருநெல்வேலிக் கால்வாயும் தாமிரபரணி நீரை ஏந்தி வருவதை நாம் அறிவோம். கால்வாய் எட்டாத வயலில் நெல் ஏது? புற்றுநோய்க் கட்டியும் அவ்வாறே. புதிய இரத்தக் குழாய்கள் வந்து சேராவிடில் அது ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. இக்கருத்தை 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் வெளியிட்டார்.

குழந்தைகளுக்கும் வரும் நிணநீர்ப் புற்றுநோயான 'லிம்ஃபோமா' நோய் எதிர்ப்பு அணுக்களிலேயே தோன்றுகிறது. அதனுள் விழுங்கணுக்கள் என்னும் காவலர்களும் உண்டு. வேண்டாதவற்றை விழுங்குவது இவற்றின் வேலை. ஆனால் சில, நோயணுக்களின் வசப்பட்டு, குழாய்களை வரவழைக்கும் புரதத்தைச் சுரக்கின்றன. வேலியே பயிரை மேய்கிறது! பர்க்கிட் வகைக் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால், கருநீல வானில் விண்மீன்கள் சிதறியதுபோல் இவை தெரியும். நோயிலும் இப்படி ஓர் அழகா என்று வியக்கிறோம்.

கழுத்தில் வலியற்ற வீக்கம் வாரக்கணக்கில் வற்றாதிருந்தால், பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்று இந்நோயுற்ற குழந்தைகளில் பலர் குணமடைகின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கிறது. இதற்கான மருந்துகளுள் ஒன்று வின்கிரிஸ்டின். நோயணு இரண்டாகப் பிரிவதை அது தடுக்கிறது. அது கிடைப்பது, நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து.