தேயிலை ஆலையின் இரவும் உடலின் கடிகாரமும்

மாலையில் நிறுத்துக் கொடுத்த கொழுந்தை ஆலையில் பரப்பி இரவெல்லாம் வாட விடுகிறார்கள். பதம் வந்த இலை பொழுது விடியட்டும் என்று காத்திராது. நடுச்சாமமானாலும் அதை ரோலரில் போட்டாக வேண்டும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஊர் உறங்கும் வேளையில் ஆலைகளில் விளக்கு எரிவது இதனால்தான். இலைக்கு ஒரு நேரக் கணக்கு இருப்பதை நாமெல்லாரும் அறிவோம். அதைத் தூளாக்கும் மனிதனின் உடலுக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

மூளையின் அடிப்பகுதியில், அரிசிமணியிலும் சிறியதாக, ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. அதுவே உடலின் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைத் தினமும் திருத்திக்கொள்கிறது. இருட்டியதும் மெலற்றோனின் என்னும் ஓமோன் சுரந்து உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. விடியுமுன் கோட்டிசோல் ஏறி நம்மை வேலைக்கு எழுப்புகிறது. பிள்ளைகளின் வளர்ச்சி ஓமோன் ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாகச் சுரக்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

1996 மே மாதத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த, அரசாங்கம் நாட்டின் நேரத்தை 1 மணித்தியாலம் முன்னே தள்ளியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி குறைந்தது. பழைய நேரம் திரும்பியதோ 2006 ஏப்ரலில்தான். சுவர்க் கடிகாரத்தைச் சட்டம் போட்டுத் திருப்பிவிடலாம். உடற்கடிகாரம் சூரியனுக்கே கீழ்ப்படியும்.

இரவு வேலைக்காரரின் சங்கடம் இங்கேதான். பின்னிரவு 2 மணிக்கு அவர் ரொட்டியும் சீனி போட்ட தேநீரும் சாப்பிடுகிறார். அந்த வேளையில் சதையி இன்சுலினைத் தாராளமாகச் சுரப்பதில்லை. பகலில் உண்டால் விரைவில் இறங்கிவிடும் சீனி இரவில் இரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. காலையில் வீடு திரும்பினால் லயத்தில் தூக்கம் எங்கே? பக்கத்துக் காம்பராவின் வானொலி, பிள்ளைகளின் சத்தம், தகரக் கூரையின் சூடு. 4 மணித்தியாலம் கண்ணயர்ந்தால் பெரிது.

அந்த 4 மணித்தியாலம் போதுமா? சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சுகதேகிகளான 11 வாலிபர்களை 6 இரவுகள் 4 மணித்தியாலம் மட்டுமே படுக்கவிட்டார்கள். அந்தச் சில நாட்களிலேயே குளுக்கோசைக் கையாளும் அவர்களுடைய ஆற்றல் தெளிவாகக் குறைந்துவிட்டது. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஓமோன் கூடி, போதும் என்று சொல்லும் ஓமோன் குறைவதையும் பின்னர் கண்டார்கள். ஆண்டுக்கணக்கில் இரவு வேலை செய்வோருக்குச் சீனி வியாதி கூடுதலாக வருவதில் வியப்பில்லை.

ஆலைக்குப் போகாதவரும் தப்பவில்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்கு ஓடி, மலையேறிக் கொழுந்தெடுத்து, இரவில் பாத்திரம் கழுவிக் கடைசியாய்ப் படுக்கும் தாய்க்கு எத்தனை மணித்தியாலம் மிஞ்சுகிறது? உங்கள் வீட்டில் இன்றிரவே எண்ணிப் பாருங்கள். பாத்திரம் கழுவ ஆண்பிள்ளைகளுக்கும் கை உண்டு.

இரவு வேலைக்குப் போகிறவர் வயிறாரச் சாப்பிடுவதை வேலைக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. நடுச்சாமத்தில் சிறிதளவு போதும். தேநீரை வேலையின் முற்பாதியோடு நிறுத்துங்கள். அதிலுள்ள கஃபீன் பாதி குறையவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் செல்லும். பகலில் படுக்கும் இடத்துக்குக் கறுப்புத் துணியால் திரை போடுங்கள். அயலவரிடம் வானொலியைத் தணிக்கச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். சீனி வியாதிக்கு ஏற்கெனவே குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் நேரத்தைத் தாமாக மாற்றாமல், எந்த வாரம் இரவு வேலை, எந்த வாரம் பகல் வேலை என்பதை எழுதிக்கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.