லோபத்தை வெல்லும் நித்திய ஈகை

பேராசை என்னும் தோஷம் ஒரே நாளில் ஒருவரிடம் வந்து குடியேறுவதில்லை. கையில் சற்று மிச்சப்படட்டும், பெண்ணின் கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும் என்று நல்லெண்ணத்துடனேயே நாம் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு தவணையிலும் அது சிறிது சிறிதாக வேரூன்றி, மிச்சப்படும் காலம் வந்து சேரும்போது கொடுக்கும் சுபாவத்தையே நம்மிடமிருந்து கவர்ந்துகொண்டுவிடுகிறது. ஆகையால், மனம் இளகிய வேளையில் அள்ளிக் கொடுப்பதைக் காட்டிலும், அளவும் தேதியும் வகுத்துக்கொண்டு இடையறாது கொடுத்துவரும் அப்பியாசமே லோபத்தை வெல்லும். அதற்குரிய படிகள் இவை.

முதலாவது, பங்கை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்கள் பலர் தசமபாகமாக வருமானத்தில் பத்தில் ஒன்றையும், இஸ்லாமியர்கள் ஜகாத்தாக, குறித்த வரம்பை எட்டி ஓராண்டு தங்கிய செல்வத்தில் 2.5 சதவீதத்தையும் ஒதுக்குகிறார்கள். 1951இல் பூமிதான இயக்கத்தைத் தொடங்கிய வினோபா பாவே நிலமுடையோரிடம் ஆறில் ஒரு பங்கைக் கேட்டார். அவ்வளவு இயலாதவர் நூற்றுக்கு இரண்டில் ஆரம்பிக்கலாம். மாதம் 30,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அது 600 ரூபாய். கடன் வாங்கிக் கொடுப்பதும், வீட்டாரின் மருந்துச் செலவைக் குறைத்துக் கொடுப்பதும் தர்மமாகா.

இரண்டாவது, செலவுக்கு முன்பே எடுத்துவையுங்கள். இந்த அப்பியாசத்தின் ஜீவன் இதிலேதான் இருக்கிறது. தென்பாண்டிச் சீமை வணிகர்கள் வியாபாரத்திலிருந்து ஊர்ப் பொதுக் காரியத்துக்கென மகமை என்னும் பங்கைத் தனியே பிரித்துவைத்தார்கள். காமராஜர் பயின்ற விருதுநகர் ஷத்திரிய வித்யாசாலையோ வீடுதோறும் திரட்டிய பிடியரிசியால் நடந்தது. அந்தப் பிடியரிசியை இன்றும் நம் வீட்டில் தொடங்கலாம்: உலைக்கு அரிசியை அளந்ததும், களைவதற்கு முன்பாக, அதிலிருந்தே ஒரு பிடியை எடுத்து அடுப்பங்கரைக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். பிடி ஒன்றுக்கு 50 கிராம் என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ சேர்ந்துவிடும். அதனால் வீட்டில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. பொதுநலத்துக்கென வீடுதோறும் வைக்கச் சொன்ன சர்வோதய பாத்திரத்தில் தானியம் இடுவது குழந்தையின் கையாக இருக்கட்டும் என்று வினோபா விரும்பியதுபோல, இந்தப் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது உத்தமம்.

மூன்றாவது, தர்மப் பணத்துக்குத் தனி உண்டியலும் தனிக் கணக்கும் வையுங்கள். அவசரத்துக்கு அதிலிருந்து கைமாற்றாகக்கூட எடுப்பதில்லை என்பது திடமான சங்கற்பமாக இருக்கட்டும். ஒருமுறை எடுத்துவிட்டால், அது மீண்டும் நம் பணமாகவே நமக்குத் தோன்றத் தொடங்கிவிடும்.

நான்காவது, பெறுபவரை முன்கூட்டியே விசாரித்துத் தேர்ந்துகொண்டு, மாதந்தோறும் குறித்த தேதியில் கொடுத்துவாருங்கள். பள்ளிப் பிள்ளை ஒருவரின் கல்விச் செலவோ, ஆதரவற்ற முதியவர் ஒருவரின் மளிகைச் செலவோ, நம்பகமான அன்னதான நிலையமோ எதுவாயினும் சரி. தொகை சிறிதானாலும் தவறாமல் வருவதையே நம்பித்தான் அவர்கள் அடுத்த மாதத்தைத் திட்டமிட முடியும். வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையாதிருப்பது, சாமானிய ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து கொடுத்துவந்ததன் பலன். கொடுக்க வேண்டிய தேதியில் பாத்திரம் அறிந்து பிச்சையிட வேண்டுமே என்ற சந்தேகம் புதிதாகக் கிளம்பினால், அது பெரும்பாலும் லோபத்தின் குரல்; விசாரணையை முன்பே முடித்துவிட்டவருக்கு அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஐந்தாவது, பெயரையும் நன்றியையும் எதிர்பாராதீர்கள். புகழுக்காகக் கொடுப்பவனிடம் பொருளாசை குறைந்தாலும் வேறோர் ஆசை அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

ஆறாவது, ஆண்டுக்கொருமுறை கணக்கைப் பார்த்து, இயன்றால் பங்கை நூற்றுக்கு ஒன்று உயர்த்துங்கள். சம்பள உயர்வு வந்ததும் தர்மப் பங்கும் உயர்கிறதே என்ற சந்தோஷம் முந்திக்கொண்டு எழுமானால், பிறர் வாங்கிய மனையையும் நகையையும் கேட்டு மனம் சஞ்சலப்படாதிருக்குமானால், அப்பியாசம் பலித்துவிட்டது என்று நிச்சயமாகக் கொள்ளலாம்.

அன்பர்களே, வசதி வரட்டும் என்று காத்திராதீர்கள். வரும் முதல் தேதியன்று, வாடகையும் பால் கணக்கும் தீர்ப்பதற்கு முன்னரே, உங்கள் பங்கைப் பிரித்து வைத்துவிடுங்கள்.