மடிநோய் மருந்துக்கு அடங்கவில்லையா?

கறவை மாட்டின் மடி வீங்கிச் சூடாக இருந்தாலும், பால் திரிதிரியாக வந்தாலும் அது மடிநோய் என்பதை உழவர்கள் அறிவர். ஆனால் மருந்து போட்ட பின்னும் நோய் அடங்காத மாடுகள் உண்டு. நோய்க் கிருமிகள் மருந்தை எதிர்த்து வாழும் திறன் பெறுவது இதற்கு ஒரு காரணமாகும். இதைக் காலத்தில் அறியாவிட்டால் காம்பு கெட்டு, கறவையே வீணாகும்.

எதிர்ப்புத்திறன் ஏற்படுவது எப்படி?

ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்தால், தப்பிய ஒன்றிரண்டு களைகள் விதை உதிர்த்து வயலை நிறைக்கின்றன. மடியிலும் இதுவே நடக்கிறது. தேவையின்றியோ, அளவு குறைத்தோ மருந்து போடும்போது எளிதில் மடியும் பாக்டீரியாக்கள் அழிகின்றன. மடியாதவை தப்பிப் பெருகுகின்றன. பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் தம் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார்.

எச்சரிக்கை அறிகுறிகள்

1. சிகிச்சை தொடங்கி 2 அல்லது 3 நாட்களாகியும் காய்ச்சல், வீக்கம், வலி குறையாமை.
2. குணமான அதே காம்பில் சில வாரங்களில் மீண்டும் நோய் காணுதல்.
3. முன்பு குணமளித்த மருந்து இப்போது பலனளிக்காமை.
4. தொழுவத்தில் அடுத்த மாட்டுக்கும் பரவி, அதுவும் அதே மருந்துக்கு அடங்காமை.

இவை சந்தேகத்தை எழுப்புபவையே. உறுதி செய்பவை அல்ல. காளானால் வரும் மடிநோய்க்குப் பாக்டீரியா மருந்து பயன்படாது. சில கிருமிகள் மடித்தசையினுள் மருந்து எட்டாதபடி பதுங்கும். பால் பரிசோதனைதான் உண்மையைக் காட்டும்.

பால் மாதிரி எடுக்கும் முறை

கூடுமானவரை முதல் ஊசிக்கு முன்பே மாதிரி எடுப்பது நல்லது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, காம்பைத் துடைத்து உலர்த்துங்கள். காம்பு முனையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். முதல் சில பீச்சுகளைத் தனிப் பாத்திரத்தில் கறந்து அப்புறப்படுத்தியபின், கால்நடை மருத்துவரிடம் பெற்ற கிருமி நீக்கிய குப்பியில் சிறிது பால் பிடியுங்கள். மாட்டின் அடையாளம், காம்பு, தேதி, போட்ட மருந்து ஆகியவற்றை எழுதி, பனிக்கட்டியில் வைத்து அன்றே மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி மடியும் என்பது ஆய்வகச் சோதனையில் தெரியும்.

மாடு தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டாலோ, மடி குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ சோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

மருந்துக் கடையில் கேட்டுத் தாமே ஊசி மாற்றுவதும், வீக்கம் வடிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் கூடாது. மருத்துவர் குறித்த நாள் முடியும்வரை அந்தப் பாலை விற்கவோ, குடிக்கவோ, கன்றுக்கு ஊட்டவோ வேண்டாம். எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் மனிதரையும் தாக்கக்கூடும். இக்காரணம் பற்றியே, மனிதருக்குக் கடைசி மருந்தாக உதவும் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது.

நோயுற்ற மாட்டைக் கடைசியாகக் கறந்து, கைகளைக் கழுவுங்கள். கறந்தபின் காம்புத் துளை மூடச் சுமார் அரை மணி நேரமாகும். அதுவரை மாடு படுக்காதபடி தீவனம் வையுங்கள். தொழுவத்தை ஈரமின்றி வைத்திருங்கள். நோய் வராமல் காத்தால் மருந்தின் தேவை குறையும். தேவைப்படும் நாளில் அம்மருந்தும் பலன் தரும்.